பரணில் கிடந்த ஹார்ட் டிஸ்க்

மாப்ளே,

கிரகப்பிரவேசத்துக்கு வராததற்கு நீ இன்னும் திட்டி முடித்திருக்க மாட்டாய். திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அதே வாரத்தில்தான் வந்தது. இப்போது நன்றாகப் பார்க்கிறாள், பேப்பரில் வரன் விளம்பரம்கூட விடாமல் படிக்கிறாள், யாருக்கு என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. வீட்டு போட்டோ பார்த்தேன். அந்த மாடிப்படி யாருடைய ஐடியா? சரி, அது நேரில்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன ஞாயிறு பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது கறுப்பு ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. அதேதான், ஹாஸ்டல் டி பிளாக்கில் பன்னிரண்டு பேர் காசு போட்டு வாங்கினோமே, கொக்கு தன் இருநூறு ரூபாயை இன்று வரை தரவில்லையே, அது. கேபிளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஓடுகிறது. பிபிசியின் கார் ஷோ டாப் கியர் 2002-லிருந்து நாம் வேலைக்குப் போகிறவரை அப்படியே இருக்கிறது. மூன்று ராத்திரி தூக்கமில்லை. நாலாவது ராத்திரி பையனும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அவனுக்கு முதலில் போட்டது ஹைலக்ஸ். 1,90,000 மைல் ஓடிய பழைய டீசல் பிக்கப். படிக்கட்டில் இறக்கினார்கள், மரத்தில் மோதினார்கள், கடலோரத்தில் கட்டிப்போட்டார்கள், அலை கயிற்றோடு அடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் மேலே கேரவனைப் போட்டு, இரும்புக் குண்டால் இடித்து, தீ வைத்து, கடைசியில் 240 அடி உயரக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நிறுத்திக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருக்கலாம், புது பார்ட்ஸ் ஒன்றும் போடக் கூடாது, அதுதான் நிபந்தனை. இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்த அந்த வண்டி ஸ்டார்ட் ஆனபோது பையன் திறந்த வாயை மூடவில்லை. நானும் இருபதாவது தடவையாக மூடவில்லை.

அடுத்து 2007-ல் வந்த போட்ஸ்வானா பயண எபிசோட். ஷோ நடத்திய மூவரில் ஹாமண்ட் அந்தக் குட்டி ஓப்பல் காருக்கு ஆலிவர் என்று பேர் வைத்துவிட்டு, ஐயோ பேர் வைத்துவிட்டேனே என்று முழிப்பானே, அதற்கு என் வீட்டுக்காரியும் சிரித்தாள். உப்புப் பாலைவனத்தில் புதையாமல் இருக்க மற்ற இருவரும் கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வீசினார்கள், இவன் மட்டும் வண்டியைத் தொடவில்லை. ஆற்றில் அது மூழ்கியதும் அந்த முகம் நடிப்பா, சொல்லு? பாவி, கடைசியில் வண்டியைக் கப்பலேற்றி ஊருக்கே கொண்டுபோனான்.

இதுவரை சந்தோஷம். ஐந்தாம் நாள் 2010-ன் ரிலையன்ட் ராபினைப் போட்டேன். மூன்று சக்கர வண்டி, மூவரில் இன்னொருவனான கிளார்க்சன் எந்த முனையில் திருப்பினாலும் பொத்தென்று கவிழும். மெஸ்ஸில் பார்த்தபோது குண்டுவுக்குச் சாம்பார் மூக்கில் ஏறியது ஞாபகம் இருக்கும். பையன் மூன்றாவது கவிழ்ப்பில் சிரிப்பை நிறுத்திவிட்டான். “அப்பா, இது செட்டப்தானே?” என்றான்.

செட்டப்தான். கவிழ வேண்டும் என்றே, திருப்பத்தில் இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலை மாற்றி வைத்ததாகக் கிளார்க்சனே பல வருஷம் கழித்து ஒத்துக்கொண்டான். மெக்கானிக்கல் படித்த நாற்பது பேர் உட்கார்ந்து பார்த்தோமே, ஒருத்தனுக்காவது டிஃபரன்ஷியல் ஞாபகம் வந்ததா? ஐந்தாங்கிளாஸ் படிக்கிறவனுக்கு உறைத்தது நமக்கு உறைக்கவில்லை. நமக்குக் கொடுத்த டிகிரியைத் திரும்பக் கேட்காமல் விட்டார்களே.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு எபிசோடிலும் எது நிஜம், எது எழுதிக்கொடுத்தது என்று தேடுகிறேன். 2011-ல் நிஸ்ஸான் லீஃப் என்ற எலெக்ட்ரிக் கார் லிங்கன் ஊரில் சார்ஜ் தீர்ந்து நின்றதே, அது கிளம்பும்போதே பேட்டரியில் 40 சதவீதம்தான் இருந்தது என்று கம்பெனிக்காரன் வண்டிக்குள் பதிவான கணக்கை எடுத்து நீட்டினான். அதே வருஷக் கடைசியில் இந்தியா ஸ்பெஷல். நீ ஓசூர் ரூமில் தலையணையை எறிந்தாய், கிளார்க்சன் தன் ஜாகுவார் கார் பின்னால் கக்கூஸைக் கட்டிக்கொண்டு வந்ததற்காக. நம் தூதரகமே புகார் கொடுத்தது. எனக்கு அந்தக் கக்கூஸ் பெரிதாகப் படவில்லை மாப்ளே, உண்மையில் பாதி வழியில் நானும் சிரித்தேன். எரிச்சல் வேறு. போட்ஸ்வானாவில் அந்த ஊர் இவர்களை ஆட்டி வைத்தது. இங்கே இவர்கள் லண்டனில் மூட்டை கட்டிய ஜோக்கை மும்பையில் அவிழ்த்து இமயமலையில் மடித்துக்கொண்டு போனார்கள். ரயிலில் கட்டிய பேனர் இரண்டாகக் கிழிந்து கெட்ட வார்த்தை ஆகும் காட்சியெல்லாம் நம் கொக்கு லெவல். நம் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு வேடிக்கைக்குப் பஞ்சமா? ஒன்றும் எழுதாமல் வந்து சும்மா ஓட்டியிருந்தாலே போதுமே.

குன்னூர் மலைப்பாதையில், பர்லியாரில், உன் சித்தப்பாவின் பத்மினி கார் நின்ற நாலு மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன். ஃப்யூல் பம்ப் சூடாகி பெட்ரோல் ஏறவில்லை, குண்டு தன் துண்டை ஓடையில் நனைத்து நனைத்துக் கொண்டுவந்து பம்பில் சுற்றினான், நீ பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோடும் பேசவில்லை, நான் கோபத்தில் மங்குஸ்தான் வாங்கித் தனியாகத் தின்றேன். ஒருத்தனும் அங்கே ஜோக் அடிக்கவில்லை. அதெல்லாம் மூன்று நாள் கழித்து ஹாஸ்டலில்தான் சிரிப்பானது. அதைத்தான் இவர்கள் தொலைத்தார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே சிரிப்பு தயாராக இருந்தது.

அதனால் 2015-ல் ஷோ செத்தது என்ற உன் பழைய வாதத்தை இப்போதும் ஏற்க மாட்டேன். சூடான சாப்பாடு இல்லை என்று புரொடியூசரை அடித்து வேலை போன கிளார்க்சனுக்கு நீ வக்காலத்து வாங்கினாய், இரண்டு மாதம் என்னோடு பேச்சும் இல்லை. அந்தக் கணக்கில் நம் மெஸ்ஸில் தினம் ஒரு கொலை விழுந்திருக்கும். அவனை அனுப்பியது சரிதான். ஆனால் நோய் அவன் இருந்தபோதே வந்துவிட்டது, பிபிசி ஆளை மாற்றியதே தவிர நாடகத்தை விடவில்லை. 2016-ல் அவன் இடத்துக்கு வந்த கிறிஸ் எவன்ஸ் கத்திய கத்தலுக்கு ஒரே சீசனில் அவனே போய்விட்டான். கூட வந்த கிறிஸ் ஹாரிஸ் நிஜமாகவே ஓட்டத் தெரிந்தவன், அவன் தனியாக ஒரு காரை ஓட்டிப் பேசும் பத்து நிமிஷம் மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கும்.

அப்புறம் 2019-ல் ஷோ நடத்த வந்தது நம்ம கிரிக்கெட் ஃபிளின்டாஃப். வான்கடேயில் சட்டையைக் கழற்றிச் சுற்றி கங்குலியிடம் லார்ட்ஸில் திருப்பி வாங்கியவன், நம் சென்னைக்கு அத்தனை கோடியில் வந்து மூன்றே மேட்ச் ஆடிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு போனவன். இவன் எதற்கு என்று சிரித்தோம். ஆனால் பயமில்லாதவன், கேட்டதையெல்லாம் செய்தான். 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில், ஷோவின் அதே பழைய ட்ராக்கில், அவன் இருந்த மோர்கன் கார் கவிழ்ந்தது. முகம் போய்விட்டது மாப்ளே. மனுஷன் மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. 2023 நவம்பரில் பிபிசி ஷோவை நிறுத்தி வைத்தது.

அந்த மோர்கனும் மூன்று சக்கர வண்டி.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும், வேறு ஆள், வேறு வண்டி, நடுவில் பன்னிரண்டு வருஷம். இருந்தாலும் பையன் “ராபினை இன்னொரு தடவை போடுப்பா” என்றபோது கேபிள் லூஸ் என்று பொய் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. போன வருஷம் ஏற்காட்டில் கூடினோமே, நீ கவனித்தாயா, கொக்கு கொக்கு மாதிரியே நடித்தான், குண்டு தேவையில்லாமல் மூன்றாவது பரோட்டா கேட்டான், வயிறு சரியில்லை என்று எனக்கு மட்டும் அப்புறம் சொன்னான். நானும் என் வார்டன் குரலை எடுத்துவிட்டேன், யாரும் கேட்பதற்கு முன்பே. உன் அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. அதைப் பற்றி ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

டிசம்பர் லீவில் வருகிறேன், பையனையும் கூட்டிக்கொண்டு. சித்தப்பாவின் பத்மினி இன்னும் கொட்டகையில்தானே இருக்கிறது? பேட்டரி நான் வாங்கி வருகிறேன், நீ டேங்க்கில் எலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை. ஓடினால் பர்லியார் வரை போகலாம், ஓடாவிட்டால் கொட்டகையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். குண்டுவிடம் துண்டு கொண்டுவரச் சொல். கொக்கிடம் இருநூறு.

உன்,
ஸ்டெப்னி