உன் பெண் கல்யாணத்தைத் தையிலிருந்து ஏன் ஆவணிக்கு இழுத்தாய்?

சத்துவாச்சாரி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். முட்டி வலியும் வெயிலும் அப்படியே இருக்கின்றன. நேற்று ரத்தினகிரிக்குப் போன காவடிக் கூட்டத்தில் பால்காரன் மாட்டிக்கொண்டான், பத்து மணி வரை காபி இல்லை. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ போடுவேன். அதனால்தான் காகிதம். நடுவில் நீ வாயைத் திறக்க முடியாது.

எதிர்வீட்டுப் பெண் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ‘ரோமியோ ஜூலியட்’ சொல்லிக்கொடுங்க மாமா என்று நோட்ஸோடு வந்து நின்றாள். ரோமியோவின் அழிவுக்குக் காரணம் அவன் அவசரபுத்தி என்று அதில் போட்டிருந்தது. ஊரீஸ் காலேஜில் தாடி சார் நமக்குச் சொன்னதும் இதேதான். நீ கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

தப்பென்று சொல்ல மாட்டேன். ரோசலினுக்காக உருகிக்கொண்டு விருந்துக்குப் போனவன், ஜூலியட்டைப் பார்த்ததும் அவளை மறந்துவிடுகிறான். மறுநாளே கல்யாணம். தாலி கட்டின ஈரம் காயவில்லை, மனைவியின் சொந்தக்காரன் டிபால்ட்டைக் குத்திக் கொல்கிறான். நம்ம வள்ளிமலையில் முருகனே வேடனாய், வேங்கை மரமாய், கிழவனாய் மாறி மாறி நின்று, கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்துத்தான் வள்ளியைச் சம்மதிக்கவைத்தார். ரோமியோவுக்கு அந்தப் பொறுமை ஏது? மயக்கத்தில் கிடக்கும் ஜூலியட்டைச் செத்துவிட்டாள் என்று நம்பிக் கல்லறைக்கு வருகிறவன், அவள் உதட்டிலும் கன்னத்திலும் சிவப்பு போகவில்லை என்று பார்க்கிறான். பார்த்ததை வாய்விட்டே சொல்கிறான். சொல்லிவிட்டு விஷத்தைக் குடிக்கிறான். அந்த இடம் வந்ததும் அந்தப் பெண், ‘ஐயோ, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா?’ என்று பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆனால் இந்த வயதில் மறுபடி படித்தால், எனக்கு அந்தப் பையன் மேல் கோபமே வரவில்லை சேகர். பெரியவர்கள் மேல்தான் வந்தது. பாதிரியார் லாரன்ஸ், ‘நிதானம், வேகமாக ஓடுகிறவன்தான் தடுக்கி விழுவான்’ என்று புத்தி சொல்கிறார். சொன்ன அன்றைக்கே மத்தியானம் அவர்தான் கல்யாணத்தையும் நடத்திவைக்கிறார், இரண்டு குடும்பத்துப் பகையும் தீரும் என்று கணக்குப் போட்டு. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய பாட்டிலிருந்து. அதில் எல்லாம் மாதக்கணக்கில் நடக்கிறது. இவர் அதை நான்கைந்து நாளுக்குள் நெருக்கிவிட்டார். அந்த நெருக்கலில் யாருக்குமே மூச்சு விட இடம் கிடைப்பதில்லை, பெரியவர்களுக்கும்தான்.

ஜூலியட்டின் அப்பா கபுலெட்டைப் பார். முதலில் என்ன அழகாகப் பேசுகிறார்! பெண்ணுக்குப் பதினாலு கூட நிரம்பவில்லை, இன்னும் இரண்டு கோடை போகட்டும், முதலில் அவள் மனதில் இடம் பிடி என்று மாப்பிள்ளை பாரிஸிடம் சொல்கிறார். அதே மனுஷன் திங்கள் ராத்திரி, பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல், வியாழக்கிழமை கல்யாணம் என்று முடிவுகட்டுகிறார். மாட்டேன் என்றதும், தெருவில் பிச்சையெடுத்துச் சாவு என்று கத்துகிறார். அவள் வந்து மன்னிப்புக் கேட்டதும் சந்தோஷத்தில் அதையும் புதனுக்கு இழுத்துவிடுகிறார். இந்தக் கல்யாணத்திலிருந்து தப்பிக்க, செத்தவள் போலக் கிடக்கவைக்கும் மயக்க மருந்தைப் பாதிரியார் கொடுத்திருந்தார், அதை அவள் ஒரு நாள் முன்னாலேயே குடிக்கவேண்டியதாகிறது. இதைச் சொல்லி ரோமியோவுக்குப் போகவேண்டிய கடிதமோ கொள்ளைநோய் பயத்தில் பூட்டின வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் இந்த அவசரத்துக்கு என்ன காரணம்? பாரிஸ் பாதிரியாரிடம் சொல்கிறான்: அவள் ஓயாமல் அழுகிறாள், அழுகையை நிறுத்தத்தான் அவள் அப்பா சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார்.

இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். போன வாரம் நீ போனில் என்ன சொன்னாய்? ‘பாப்பா முகமே சரியில்லடா, அதான் தையை ஆவணிக்கே மாத்திட்டேன், முடிஞ்சா சரியாயிடும்.’ நானும் வழக்கம்போல ‘ம்’ போட்டேன்.

கோவிச்சுக்காதே. உன்னைக் கபுலெட் என்று சொல்ல வரவில்லை, அந்த ஆளுக்கு உன்னைவிட முடி அதிகம். பையன் நல்லவன், வேலை நல்லது, எல்லாம் சரி. முகம் ஏன் சரியில்லை என்று கேட்டாயா? நீ கேட்டால் ‘ஒண்ணுமில்லப்பா’ என்பாள், நீயும் நிம்மதியாக டிவி பார்க்கப் போய்விடுவாய். அவள் அம்மாவைக் கேட்கச் சொல். அங்கேயும் சொல்லவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் பஸ் ஏற்றிவிடு, என் வீட்டுக்காரி பேசிப் பார்க்கட்டும். சின்ன வயதிலிருந்தே பாப்பா இவளிடம்தான் எல்லாம் சொல்லும்.

மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் உன் துட்டு, அதில் நான் வாயைத் திறக்கவில்லை. தையிலும் மண்டபம் கிடைக்கும். பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லையென்றால் கொஞ்சம் பொறு.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கேட்டிருந்தாயே, பாப்பா திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
பாபு