அம்மாவை எழுப்பி நடக்கவைத்தவர்களுக்கு

முதல் நன்றி அயல்வீட்டு அக்காவுக்கு. அம்மா கிணற்றடியில் வாளியைத் தூக்கி நாரி பிடித்துக்கொண்டபோது, "விழவில்லைத்தானே, எண்ணெய் போட்டு உருவினால் சரி" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுக்காமல் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் அவர். எலும்பு நலிந்துபோனால் விழவே தேவையில்லை. குனிந்து பாரம் தூக்குவதே போதும், சிலருக்கு ஒரு இருமலே போதும்.

யாழ். போதனா வைத்தியசாலை மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். நாரியின் முதலாவது முள்ளென்பு முன்பக்கம் அமிழ்ந்து ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. மேலே இன்னொன்று எப்போதோ நொறுங்கித் தானாக ஆறியிருந்ததாம். அம்மா கூனத் தொடங்கியதை வயசு என்றுதான் ஊரே சொன்னது! காலில் பலம் இருக்கிறதா, சலம் தடையின்றிப் போகிறதா என்று பார்த்துவிட்டு, சத்திரசிகிச்சை வேண்டாம் என்றார். நொறுங்கிய எலும்புக்குள் மருத்துவச் சீமெந்து செலுத்தலாமே என்று கனடாத் தம்பி தொலைபேசியில் விடாமல் கேட்டான். 2009 இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அது, சீமெந்து செலுத்தாமல் செலுத்துவதுபோல் மட்டும் செய்த போலிச் சிகிச்சையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை என்று அவனுக்கும் பொறுமையாகச் சொன்னார்.

ஆனாலும் பெரிய நன்றி இயன்மருத்துவப் பிள்ளைக்குத்தான். "படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் நலியும் அம்மா" என்று சொல்லி, ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்பப் பழக்கினார். அம்மா ஏசினார், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே மறுபடியும் எழுப்பினார். பொதுவாக 6 தொடக்கம் 12 கிழமைக்குள் வலி தணியும் என்று அவர் சொன்னதை நம்பித்தான் நாங்களும் நடக்கவிட்டோம்.

கிளினிக் தாதி அக்கா, எலும்பு நலிவுக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் குளிசையைக் கிழமைக்கு ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறுந்தண்ணீருடன் எடுக்கச் சொன்னார். பிறகு அரை மணித்தியாலம் படுக்கவும் கூடாது, தேத்தண்ணியும் கூடாது. அம்மாவுக்கு அந்த இரண்டாவதுதான் தண்டனை. ஞாயிறு காலையில் அயல்வீட்டு அக்கா வந்திருந்து கதை கொடுத்து அந்த நேரத்தைக் கடத்திவிடுகிறார்.

வோக்கர் தந்துதவிய எங்கள் சனசமூக நிலையத்தாருக்கும் நன்றி. அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வோக்கரைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டோம், தேவைப்படுகிறவர்கள் அங்கே கேட்கலாம்.