ஒரு கண்ணை மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. இரண்டு கண்களையும் திறந்தபடி பலகையில் இருந்ததைக் கடகடவென்று வாசித்தாள். பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, வீட்டில் விளையாட்டாக அவளுடைய இடது கண்ணைப் பொத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணைப் பொத்தியதும் என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி பொத்தினேன், அழுதுவிட்டாள். இடது கண்ணில் அவளுக்கு எல்லாமே மங்கல். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ!

இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளையின் சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாறுகண் இருந்தாலோ, இரண்டு கண்களின் பவரும் வெகுவாக வேறுபட்டாலோ, தெளிவில்லாத கண் அனுப்புவதை மூளை ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. நூறு பிள்ளைகளில் சுமார் இரண்டு, மூன்று பேருக்கு இது உண்டு. அப்படியென்றால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவராவது இருக்கக்கூடும். மாறுகண் பெரும்பாலும் பார்த்தாலே தெரியும். பவர் வித்தியாசம் வெளியே தெரியாது. பிள்ளையும் சொல்லாது, உலகமே அப்படித்தான் என்று நினைத்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன்: பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை தன் கையால் கண்ணை மூடினால் போதாது, விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும். ஒட்டும் பட்டையால் மறையுங்கள். இரண்டாவது கண்ணுக்கு வரியைப் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள், முதல் தடவையிலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். எழுத்து தெரியாத பிள்ளைக்கு, திசை மாறி மாறி நிற்கும் ஆங்கில 'E' எழுத்து அட்டை போதும், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டிவிடும்.

ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் பலன் அதிகம். அதற்குப் பிறகும் முயலலாம், ஆனால் முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். முதலில் கண்ணாடி போடுவார்கள். சிலருக்கு அதுவே போதும். போதாவிட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைப்பார்கள், அல்லது அதை மங்கலாக்கும் சொட்டு மருந்து விடுவார்கள்.

அப்புறம் இன்னொன்று. கண்ணில் பட்டையோடு வகுப்புக்கு வரும் பிள்ளை வாசிக்கத் திணறினால் அதட்டாதீர்கள். அந்த நேரத்தில் அதனிடம் இருப்பது மங்கலான கண் மட்டும்தான். முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்