கொள்ளிடத்தில் துடுப்புப் படகு போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் மோட்டார் படகுச் சவாரியும் தங்கும் விடுதியும் வந்தால் ஊர் வளரும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஊர் வளரட்டும், யார் வேண்டாம் என்றது? மோட்டார்தான் வேண்டாம் என்கிறேன்.

கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்த காலம் முதல், விடுமுறை என்றால் தூண்டிலோடு அந்த ஆற்றுக்குப் போகிறவன் நான். முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்து வரும் ஆறு, வெள்ளம் இல்லாத மாதங்களில் பெரும்பாலும் மணல்தான். கடைசிப் பகுதியில் தண்ணீர் நிற்பதே கடல் ஏறி வருவதால். மடவையும் கொடுவாவும் அந்த ஏற்றத்தோடுதான் உள்ளே வரும். உயிர் இறாலை முள்ளில் கோத்துக் கரையோரம் விட்டுவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். படகுக்குள் டிபன் டப்பா மூடி விழுந்தாலே அன்றைய பாடு முடிந்தது. (வீட்டில் கொடுப்பது எவர்சில்வர் டப்பா; துண்டில் சுற்றித்தான் எடுத்துப் போகிறேன்.)

சரி, எனக்கு மீன் கிடைக்காவிட்டால் சந்தையில் வாங்கிக்கொள்வேன். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் உள்ள உப்பங்கழிகளில் இருளர்கள் இறால் பிடிப்பதை அந்த வாசகர் பார்த்திருக்கிறாரா, தெரியவில்லை. வலை கிடையாது. பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித்தான் பிடிப்பார்கள். பெண்களும் உண்டு. தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும். வளைவில் வேகமாகத் திரும்பும் மோட்டார் படகுக்கு அந்தத் தலை எப்படித் தெரியும்? இடிக்காவிட்டாலும், அலை எழுந்து சேறு கலங்கினால் இறால் கைக்கு அகப்படாது.

பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. அங்கே சதுப்புக் காட்டின் குறுகலான கால்வாய்களுக்குள் துடுப்புப் படகில்தான் போக முடியும். பலர் விரும்பி வருவதும் அதற்குத்தான். இங்கேயும் அதுவே போதும். மேலே அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. அங்கே துடுப்புப் படகும் வேண்டாம்.

துடுப்புப் போட வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளைமணல் ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தபோது மக்களைப் படகில்தான் கரை சேர்த்தார்கள். ஆற்றின் ஆழமும் இழுப்பும் அந்த ஆற்றுத் திட்டு ஊர்களில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? படகும் கட்டணமும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

அப்புறம், விடுதி கட்டும் முன் ஒரு படகுத்துறை கட்ட வேண்டும். நான் படகு ஏறும் இடத்தில் இன்றைக்கும் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். நாலு படி கட்டினால் சவாரிக்கு வருகிறவர்களுக்கும் ஆகும், வெள்ளக் காலத்தில் கைக்குழந்தையோடு இறங்குகிறவர்களுக்கும் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி எழுத்தர்,
சீர்காழி வட்டம்