கயலுக்கு, டிவி விஷயமாக

அன்புள்ள கயலுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, காலையில் நடக்கப் போகிறாள்.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தேன். பதிலுக்குப் புது டிவியின் போட்டோ வந்தது. கூடவே “படம் நல்லாவே இல்லப்பா, ஏன்?” என்று ஒரு வரி. சரி, நீ கேட்டதற்கே பதில் எழுதுகிறேன். இதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். போனை நீ எடுப்பதும் இப்போதெல்லாம் அபூர்வமாகிவிட்டது.

போட்டோவைப் பெரிதாக்கியதும் முதலில் கண்ணில் பட்டது பாட்டியின் முகம். சித்தி கல்யாண வீடியோதானே? பாட்டிக்கு நீள முகம். உன் டிவியில் வட்டமாக இருக்கிறாள். அந்த வீடியோ எடுத்த காலத்தில் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. உன் டிவி 16:9. திரை முழுவதையும் நிரப்புவதற்காக டிவி படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. அதனால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரிகிறார்கள். மெனுவில் ‘பிக்சர் சைஸ்’ அல்லது ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்று இருக்கும், அதில் 4:3 வை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ‘ஜூம்’ வைத்தால் பட்டை போய்விடும், ஆனால் மேலும் கீழும் வெட்டிவிடும். பின்வரிசையில் நிற்கும் பெரியப்பாவுக்குத் தலையே இருக்காது. பட்டை வந்தால் திரை வீணாகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முகம் முகமாகத் தெரிய வேண்டும். சினிமா பார்க்கும்போது மேலும் கீழும் பட்டை வந்தாலும் அது கோளாறு இல்லை. பல படங்களின் விகிதம் 2.39:1, அதை வெட்டாமல் காட்டினால் அப்படித்தான் இருக்கும்.

பழைய பிளேயரை மஞ்சள் வயரில் இணைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். பாட்டியின் சிவப்புப் புடவை ஓரத்தில் நிறம் வழிகிறதே, அதை வைத்துச் சொல்கிறேன். மஞ்சள் வயர் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து வரும். டிவி அதைப் பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். பிளேயருக்குப் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கு மட்டும் மூன்று சாக்கெட் இருந்தால் அதற்கு மாற்று. எச்.டி.எம்.ஐ. இருந்தால் யோசிக்கவே வேண்டாம். புது டிவிகள் சிலவற்றில் மஞ்சளுக்குத் தனி சாக்கெட் கிடையாது, பச்சையில்தான் செருக வேண்டும். செருகியும் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பதறாதே. டிவி அதை மூன்று வயர் இணைப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கும். மெனுவில் ‘ஏவி’ என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? எட்டாவது படிக்கும்போதே டிவிக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே மூன்று வயரையும் சரியாகச் செருகுவாய். நான் ரிப்பேருக்கு வெளியே போயிருந்தால் பெரியப்பா வீட்டில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் முதலில் மெனுவுக்குள் போய்க் கடைசி வரை பார்க்காமல் விடமாட்டாய். அந்தப் பெண் ஒரு வரியில் ‘ஏன்’ என்று கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மெனுவைத் திறந்து பார்க்கக்கூட மனமில்லையா?

தங்க முலாம் பூசிய பெரிய விலைக் கேபிள் ஒன்று வாங்கினாய் என்று தம்பி சொன்னான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எச்.டி.எம்.ஐ.யில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் சரியாக இருந்தால் படம் முழுதாக வரும், சரியில்லை என்றால் திரையில் புள்ளிகள் மினுக்கும், அல்லது படம் விட்டுவிட்டுப் போகும். நிறம் மங்குவதற்கும் முகம் வெளிறுவதற்கும் கேபிள் காரணமே இல்லை. தங்க முலாம் துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது உறையில் உள்ள பெயரை. 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ போதும், அது நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும். 120 ஃபிரேம் கேம் ஆடுகிறவர்களுக்குத்தான் நொடிக்கு 48 கிகாபிட் தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ வேண்டும். அதன் உறையில் ஒரு முத்திரை இருக்கும், போனில் ஸ்கேன் செய்தால் அசலா என்று தெரிந்துவிடும். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். நீளம் கூடக் கூட 4கே சிக்னல் தடுமாறும். பணத்தை இப்போது பார்த்துச் செலவு செய். வாங்கியது வாங்கியதுதான், அதைச் சொல்லிக் காட்டவில்லை. இனிமேல் வாங்கும்போது கேள் என்கிறேன்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எடுத்த போட்டோ அது. ஜன்னல் வெளிச்சம் திரையில் நேராக அடிக்கிறது. லீவாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். இருக்கும். அந்த வெளிச்சத்தோடு போட்டி போடத்தான் டிவி ‘விவிட்’ மோடில் கொதிக்கிறது. ஆரஞ்சு நிற முகம், நீலம் ஏறிய வெள்ளை, எல்லாம் அதனால்தான். முதல் தடவை போட்டபோது வீடா கடையா என்று டிவி கேட்டிருக்கும். அதில் ‘ஸ்டோர்’ என்று அழுத்தியிருந்தால் நீ எத்தனை முறை மாற்றினாலும் தானாகப் பழைய நிலைக்கே போகும். அதை முதலில் ‘ஹோம்’ ஆக்கு. பிறகு பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று வை. முதல் நாள் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். உடனே மாற்றிவிடாதே, இரண்டு நாளில் கண் பழகிவிடும். நிற வெப்பத்தை ‘வார்ம்’ என்று வை. படம் எடுப்பவர்கள் வைத்துக்கொள்ளும் வெள்ளை சுமார் 6500 கெல்வின், அதற்குப் பக்கத்தில் வருவது அதுதான்.

பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது கறுப்பின் ஆழம், ‘கான்ட்ராஸ்ட்’ என்பது வெள்ளையின் அளவு. அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியது ‘பேக்லைட்’. கறுப்பு முடியில் இழை தெரியும் வரை பிரைட்னஸை ஏற்று, கறுப்பு சாம்பலாகத் தொடங்கினால் ஒரு படி இறக்கு. ஷார்ப்னஸைத் தொடங்கும்போது கீழே கொண்டுபோய் மெல்ல ஏற்று, ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகம். அது படத்தில் இல்லாத கோடு, டிவியே போடுவது. பகலில் பார்ப்பதற்குப் பேக்லைட் கூட வேண்டும், இரவுக்குக் குறைக்க வேண்டும். நீ எப்போது அதிகம் பார்க்கிறாய் என்று சொன்னால் அதற்கேற்ற மாதிரி சொல்கிறேன். தினமும் பகலிலா?

அசைவை வழுவழுப்பாக்கும் ஒரு வசதி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். நடுவில் டிவி சொந்தமாகப் படம் செய்து சொருகினால் சினிமா நாடகம் மாதிரி ஆகிவிடும். அணைத்துவிடு.

லேப்டாப்பையும் அதில்தான் இணைத்திருக்கிறாய் என்று பார்த்தேன். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை செய்யச் சொல்லியிருப்பார்களாக இருக்கும். திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. பிக்சர் டியூப் காலத்தில் டியூபுக்கு வயதானாலும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் படம் சுருங்கும். கறுப்பு ஓரம் தெரியாமல் இருக்கப் படத்தைக் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைப்போம். அந்தப் பழக்கம் இந்த டிவிகளிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, இப்போது அதற்குத் தேவையே இல்லை. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று எது இருக்கிறதோ அதை வை. அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் கொடு, பல டிவிகளில் எழுத்து தெளிவாகிவிடும். கறுப்பு சாம்பலாக இருந்தாலோ, நிழலெல்லாம் ஒரேயடியாக இருண்டிருந்தாலோ, லேப்டாப்பும் டிவியும் வெவ்வேறு அளவில் பேசுகின்றன என்று அர்த்தம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை எண்ணுவது ஒன்றில் 0 முதல் 255 வரை, மற்றதில் 16 முதல் 235 வரை. இரண்டையும் ஒன்றாக்கு. ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்த அந்த மெயிலின் முதல் வரி என் கண்ணில் பட்டது. நான் படிக்க நினைத்துப் படிக்கவில்லை.

முதலில் ‘ஹோம்’, பிறகு ‘சினிமா’, பிறகு 4:3. இதை மட்டும் இன்றைக்குச் செய். மற்றதெல்லாம் மெல்லப் பார்க்கலாம். ‘விவிட்’ மோடை மட்டும் அப்படியே விட்டுவிடாதே, மாற்றியே ஆக வேண்டும். ராத்திரி இருட்டில் உட்கார்ந்து பார்க்காதே, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்காவது எரியட்டும். நேரத்துக்குத் தூங்கு.

டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பாதே, போன் செய்து வாயால் சொல். நான் குறித்துக்கொள்கிறேன். பணம் எதற்காவது தேவைப்பட்டால் கேபிள் வாங்க வேண்டும் என்று சொல், போதும். எத்தனை கேபிள், எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்கவிட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா