அயாக்ஸுக்கு டாக்டர் வேண்டாம்

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள சேகர்,

உன் பிரதியைப் படித்து முடித்தேன். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ‘அயாக்ஸ்’ நாடகத்தை மனநலக் கோணத்தில் ஏற்காட்டில் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் நடுவில் ஒரு டாக்டர் வந்து நோயை விளக்குகிறாரே, அவரை மேடையிலிருந்து இறக்கிவிடு. போர் தரும் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல்தான் இன்றைய பெயரை வைத்தார்கள். போர்வீரன் அயாக்ஸோடு வாழும் தெக்மெஸ்ஸா அதன் அடையாளங்களை எப்போதோ சொல்லிவிட்டாள். நடுராத்திரி வாளோடு கிளம்பினான், ஆடுமாடுகளை இழுத்து வந்து வெட்டினான், ஏதோ நிழலோடு பேசிச் சிரித்தான். தெளிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். இப்போது சோறு தண்ணியில்லாமல் அந்த உடல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். அவள் பேச்சில் ஒரு வரிகூட வெட்டாதே.

அதீனா தேவியை அவன் மண்டைக்குள் கேட்கும் குரலாக மட்டும் வைத்திருக்கிறாய். அது நிற்காது. முதல் காட்சியில் அவன் எதிரி ஒடீசியஸுக்கும் அவள் குரல் கேட்கிறது, ஆள்தான் கண்ணில் படவில்லை. குரலாகவே வை, இருவருக்கும் கேட்கட்டும். எக்கோ மட்டும் போட்டுவிடாதே, பேய்ப்படம் ஆகிவிடும்.

பெரிய கோளாறு வேறு. உன் அயாக்ஸ் சாகும்வரை பித்தனாகவே ஆடுகிறான். பித்து முதல் காட்சியோடு இறங்கிவிடுகிறது. அவனைக் கொல்வது மானம். செத்துப்போன மாவீரன் அகிலீஸின் ஆயுதங்கள் தனக்கு வராமல் ஒடீசியஸுக்குப் போனது ஒன்று, ஆட்டு மந்தையைப் படைத்தலைவர்கள் என்று வெட்டியது அதைவிட. பிறகு திடீரென்று அமைதியாகி, காலம் எல்லாவற்றையும் மாற்றும், நானும் பணிந்துபோகிறேன் என்கிறான். அவனுடைய மாலுமிகள் நம்பிக் குதித்து ஆடுகிறார்கள். மனநல மருத்துவர்கள் பயப்படுகிற அமைதி இதுதான்: முடிவெடுத்துவிட்டவனின் அமைதி. நடிகர் இங்கே கண்ணடிப்பதுபோல் எதுவும் காட்டக்கூடாது. குரல் தணியட்டும், மூச்சு சீராகட்டும், பார்ப்பவர்களும் ஏமாறட்டும். அடுத்து தூதன் வந்து, இன்று ஒரு நாள் மட்டும் அவனைக் கூடாரத்தை விட்டு வெளியே விடாதீர்கள் என்கிறான். அந்த ஒரு நாளைத் தாண்டினால் பிழைத்துக்கொள்வான். அந்த வரியை அவசரத்தில் விழுங்கிவிடுவார்கள், பார்த்துக்கொள்.

உடல்களுக்கு நடுவே அவனைக் காட்ட கிரேக்கர்கள் சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். உனக்கு நம் கூத்துத்திரை போதும்: இரண்டு பேர் பிடித்து நின்று, சட்டென்று இறக்கட்டும். ஆடுகளுக்குக் கோணிச்சாக்கில் வைக்கோல் திணி. வெறும் வைக்கோல் என்றால் இழுக்கும்போது காற்றாகப் பறக்கும், பொய் தெரிந்துவிடும். அடியில் நாலைந்து கிலோ மணல் போட்டுத் தை. ஒன்றே ஒன்றில் ஆட்டுமணி கட்டு. அவன் அசையும்போது கால் பட்டு அது ஒருமுறை கிணுங்கினால் போதும், நீ எழுதிய அரைப்பக்கப் புலம்பலை வெட்டிவிடலாம்.

ஏற்காட்டுப் பனியில் பறைத்தோல் தொய்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் தீ மூட்டி, இடையிடையே காய்ச்சச் சொல்.

சாகும் இடத்தில் வாளைக் காட்டவே வேண்டாம். கடைசிப் பேச்சு முடிந்ததும் விளக்கை அணை. நாடகத்துக்கு முன் இதில் தற்கொலை வருகிறது என்று சொல்லிவிடு, நுழைவாயிலில் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416ஐப் பெரிதாக எழுதி வை.

அவன் செத்ததும் திரையை மூடிவிட்டாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூல நாடகத்தின் 1420 வரியில் அவன் சாவது 865இல். மிச்சமெல்லாம் புதைக்கலாமா கூடாதா என்ற சண்டை. கத்தரித்த மயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மகன் அப்பன் உடலருகே உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் அவன் தலைக்கு மேல் கத்துகிறார்கள். மனக்காயம் அடுத்த தலைமுறைக்கு இறங்குவதை உன் டாக்டர் பத்து நிமிடம் விளக்குகிறார், அந்தப் பையன் சும்மா உட்கார்ந்தே காட்டிவிடுவான். கடைசியில் புதைக்க விடுங்கள் என்று வாதாடுவது ஒடீசியஸ், பரம எதிரி. அதைப் போய் வெட்டலாமா? நீளம்தான் கவலை என்றால் புதைக்கக்கூடாது என்கிற தலைவர்கள் மெனலாஸையும் அகமெம்னானையும் ஒரே ஆளாக்கு, கால் மணி நேரம் மிச்சமாகும். அந்தக் குளிரில் நடிகரை அவ்வளவு நேரம் தரையில் கிடத்தாதே, இருட்டில் பொம்மையை மாற்றிவிடு.

சாக்கு எத்தனை வேண்டும் என்று எழுது, லீ பஜாரில் சொல்லி வைக்கிறேன்.

உன்,
பழனி