இருட்டுகிற நேரத்தில் பூங்கா

அன்பு மகளுக்கு,

பணம் கிடைத்தது. கிணற்றுக்கட்டு பூசியாகிவிட்டது. அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

போன கிழமை நீ பேசும்போது பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. கேட்டதற்கு, பக்கத்துப் பூங்காவில் நடக்கிறேன் என்றாய். இங்கே காலை 7.30 என்றால் ரொறன்ரோவில் இரவு 9 மணி. கார்த்திகைக் குளிரில் அந்த நேரத்தில் என்ன நடை? நடக்கிறவளுக்கு மூச்சு வாங்கும், உனக்கு வாங்கவில்லை. அவர் வேலையால் வந்துவிட்டாரா என்றேன். சிக்னல் சரியில்லை என்றாய்.

நானும் சின்ன மாமியும் பின்னேரங்களில் பழைய பூங்காவுக்குப் போகிறோம். வெள்ளைக்காரர் ஆட்சியில் யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை காலத்துப் பூங்கா என்று அப்பா இன்னும் பாடம் நடத்துகிறார், நாங்கள் ஏதோ வெளியூர்க்காரர் மாதிரி. மரங்கள் நல்ல குளிர்மை. ஆனால் பெண்களாகிய நாங்கள் மரத்தைப் பார்த்து உட்காருவதில்லை. குழந்தைகளோடு வந்த தாய்மார் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கம். அவர்கள் எழுந்தால் நாங்களும் எழுந்துவிடுவோம். வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் பெடியன்கள் ஒன்றும் செய்வதில்லை. என்றாலும் மாமி கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொள்வாள். ஊரடங்குக் காலத்தில் வளர்ந்த கால்கள், பொழுது சாய்ந்தால் தாமாகவே வீட்டுப்பக்கம் திரும்பும். பூங்காவில் விளக்கு மட்டும் எரிந்தால் போதாது பிள்ளை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ பயந்தவள் அல்ல. ரியூஷன் முடிந்து இருட்டில் காவலரணைத் தாண்டித் தனியே சைக்கிளில் வந்தவள். அதை இன்றைக்கும் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து உட்காருகிறாள் என்றால் எனக்கு எப்படி நித்திரை வரும்? சின்னவனை யாரிடம் விட்டுவிட்டு வருகிறாய்? வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாய். சின்னதிலிருந்தே அப்படித்தான்.

இருட்டியபின் அங்கே போகாதே. போனாலும் வாசலுக்குக் கிட்ட, வெளிச்சத்தில் இரு. போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தை மாதம் டிக்கெட் விலை குறையும் என்று அண்ணன் சொல்கிறான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அவருக்கு லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை நாள் நிற்பாய் என்று இங்கே ஒருவரும் கேட்கமாட்டோம்.

அம்மா